வலைக்கு எழுத வேண்டிய சட்டம்

கடலாமைகளைக் காப்பதற்காக எழுதப்பட்ட சட்டங்களில் உலக நாடுகளை அதிகம் சண்டைக்கு இழுத்தது, இறாலைப் பற்றிய ஒரு சட்டம். 1989இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு செலவின மசோதாவில் 609 என்ற பிரிவைச் செருகியது. ஆமைகளைக் கொல்லாமல் இறால் பிடிக்க எந்த நாட்டில் ஏற்பாடு இல்லையோ, அந்த நாட்டுக் கடல் இறால் அமெரிக்கச் சந்தைக்குள் வரக்கூடாது என்பது அதன் சாரம். சில ஆண்டுகளில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து வாதாடுவது அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி. அதே காலத்தில் தலைப்பிலேயே விலங்குகளின் பெயரைத் தாங்கிய எத்தனையோ சட்டங்களும் உடன்படிக்கைகளும் எந்தச் சத்தமும் இல்லாமல் நிறைவேறிக்கொண்டிருந்தன. அவை பெரும்பாலும் யாருடைய வலையையும் தொடவில்லை, அதனால்தான் சத்தம் வரவில்லை. கடலாமையின் பிழைப்பு வலையின் வாயில்தான் தீர்மானமாகிறது. நம் சட்டங்களோ பெரும்பாலும் மணலில் நின்று முட்டைகளைக் காவல் காக்கின்றன. இந்த இட மாறாட்டம்தான் ஆமைக் கொள்கைகளின் அடிப்படைக் கோளாறு என்பது என் வாதம்.

இதைப் புரிந்துகொள்ள ஆமையின் வாழ்க்கைக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் கரைகளில் அதிகம் முட்டையிடும் பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். நாய், நரி, நண்டு, காகம், கடலில் இறங்கியதும் மீன்கள் என்று முதல் ஆண்டிலேயே பெரும்பாலானவை போய்விடும். தப்பியவை பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். பேராமைக்கும் பெருந்தலை ஆமைக்கும் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதன்பிறகு ஒரு பெண்ணாமை பல பத்தாண்டுகளுக்கு விட்டுவிட்டு முட்டையிட்டுக்கொண்டிருக்கும். பனையைப் போலத்தான் இதுவும். விதைத்தவர் பல வருடம் காத்திருக்க வேண்டும், காய்க்கத் தொடங்கிவிட்டால் தலைமுறை கடந்தும் காய்க்கும். ஆயிரம் பனங்கொட்டைகளைப் பொறுக்கி ஊன்றிவிட்டு, மறுபுறம் காய்க்கும் பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தோப்பு என்ன ஆகும் என்று சொல்லக் கணிதம் தேவையில்லை. ஆனால் ஆமைகள் விஷயத்தில் அந்தக் கணிதத்தை ஒருவர் போட்டுக் காட்டும்வரை யாரும் நம்பவில்லை.

1987இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் அந்தக் கணக்கைப் போட்டார்கள். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலில் வாழும் பெருந்தலை ஆமைகளின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, சிறு இளமை, பெரு இளமை, முதிர்ச்சி என்று படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படியிலும் ஆண்டுக்கு எத்தனை பங்கு பிழைக்கிறது, எத்தனை பங்கு அடுத்த படிக்கு ஏறுகிறது என்பதை அணிகளாக அடுக்கி, எந்தப் படியில் சாவைக் குறைத்தால் மொத்த எண்ணிக்கை அதிகம் மாறுகிறது என்று பார்த்தார்கள். விடை, அதுவரை கடற்கரைகளில் உழைத்தவர்களுக்குக் கசப்பானது. முட்டைகளையும் குஞ்சுகளையும் முழுமையாகக் காப்பாற்றினாலும் அந்த ஆமைக்கூட்டத்தின் சரிவு நிற்காது. பருவத்தை எட்டும் நிலையில் இருக்கும் பெரிய இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தால் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். ஒரு முட்டையின் மதிப்பு, அது ஆமையாகும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கினால் மிகச் சிறியது. முட்டையிடப்போகும் ஆமையோ அத்தனை ஆபத்துகளையும் ஏற்கெனவே கடந்து வந்தது. அதைக் கடலில் இழந்தால், ஈடுகட்ட எத்தனையோ குழிகளை நாம் காவல் காக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெரிய ஆமைகள் எதனால் சாகின்றன என்பதற்கு மூன்றாண்டு கழித்து விடை வந்தது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, மனிதச் செயல்களால் அமெரிக்கக் கடலில் நேரும் ஆமைச் சாவுகளில் மற்ற எல்லாக் காரணங்களையும் கூட்டினாலும் இறால் இழுவை வலைக்கு ஈடாகாது என்றது. ஆண்டுக்கு 5,000 முதல் 50,000 வரை பெருந்தலை ஆமைகள், 500 முதல் 5,000 வரை கெம்ப் ஆமைகள். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் பத்து மடங்கு இடைவெளி. கடலில் செத்துக் கடலிலேயே மூழ்குவதை எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த இடைவெளியே சாட்சி. கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும், அழிவின் விளிம்பில் இருந்த கெம்ப் ஆமைக்கு ஆண்டுக்கு ஐந்நூறு என்பது தாங்க முடியாத இழப்பு.

வலையில் ஆமை சாகும் விதத்திலேயே அதைக் காக்கும் வழியும் இருக்கிறது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. அமைதியாக இருந்தால் நெடுநேரம் மூச்சடக்கும். ஆனால் கடலடியில் இழுபடும் மடிக்குள் சிக்கித் திமிறும்போது உடலிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்து, தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறி, மூச்சு முட்டிவிடுகிறது. வலையை ஒரு மணி நேரத்துக்குள் தூக்கினால் பெரும்பாலானவை உயிரோடு வரும். அதைத் தாண்டத் தாண்டச் சாவு செங்குத்தாக ஏறும். விசைப்படகுகளில் இரண்டு, மூன்று மணி நேரம் இழுப்பது சாதாரணம். ஆகவே ஒன்று, இழுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது ஆமை மடிக்குள் போகாமலே வெளியேற ஒரு வாசல் வைக்க வேண்டும். அந்த வாசலுக்கு ஆமை விலக்குச் சாதனம் என்று பெயர், துறைமுகங்களில் சுருக்கமாக டெட். வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், கம்பிகளுக்கிடையே அதிகபட்சம் நான்கு அங்குல இடைவெளி. இறால் அதற்குள் புகுந்து மடிக்குப் போய்விடும். ஆமை சட்டத்தில் மோதி, சரிந்து, மூடுதுணியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். இதன் மூல வடிவத்தைத் தந்தவர் ஆய்வுக்கூட விஞ்ஞானியல்ல, ஜார்ஜியா மாநில இறால் மீனவர் சிங்கி பூன். வலையை நிறைத்து இறாலை நசுக்கும் சொறிகளை வெளியே தள்ளுவதற்காக அவர் செய்த சட்டம்தான் பிறகு ஆமைக்கும் உதவியது.

மீனவரே கண்டுபிடித்ததென்றாலும் அரசு கட்டாயமாக்கியபோது மீனவர்கள் கொதித்தார்கள். 1987இல் அமெரிக்கா விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு லூசியானா மாநிலம், தன் அதிகாரிகள் அந்த விதியைக் கடலில் அமல்படுத்தக் கூடாது என்று எதிர்ச்சட்டமே இயற்றியது. 1989 கோடையில் டெக்சாஸ், லூசியானா இறால் படகுகள் துறைமுக வாய்களை அடைத்து மறியல் செய்தன. லூசியானாவின் எதிர்ச்சட்டம் நீக்கப்பட்டது 2015இல்தான். அந்த விதியிலும் ஓட்டை இருந்தது. முதல் தலைமுறைச் சாதனங்களின் வாசல் சிறியது. ஏழுவரி ஆமையும் நன்கு வளர்ந்த பெருந்தலை ஆமையும் அதன் வழியே வெளியேற முடியாது. 2003இல் வாசலைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. எந்த வயது ஆமை அதிக மதிப்புடையது என்று கணக்கு சொன்னதோ, அந்த வயதின் உடலளவை விதி எழுதியவர்கள் பார்க்கவில்லை.

விதி பலன் தந்ததா? கெம்ப் ஆமையின் கதையைப் பாருங்கள். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947இல் எடுக்கப்பட்ட ஒரு சலனப்படத்தை வைத்து, ஒரே நாளில் சுமார் 40,000 பெண்ணாமைகள் ஏறியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 1985இல் ஆண்டு முழுவதற்கும் 702 குழிகள். மெக்சிகோ 1966 முதலே அந்தக் கரையைக் காத்து வந்தது. 1978இல் அமெரிக்காவும் சேர்ந்தது. ஆனாலும் எண்ணிக்கை இருபதாண்டு காலம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. டெட் வந்தபிறகு தொண்ணூறுகளில் ஏறத் தொடங்கி, 2009இல் 20,000 குழிகளை நெருங்கியது. டெட்டுக்கு மட்டும் மொத்தப் புகழையும் கொடுப்பது நேர்மையாகாது. முட்டைக் காவல் தொடர்ந்தது. இறால் படகுகளின் எண்ணிக்கையும் அதே காலத்தில் விழுந்தது. 2010க்குப் பிறகு அந்த ஏற்றம் நின்று தள்ளாடுகிறது. அந்த ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவையும் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். எனினும் கரைக் காவல் மட்டும் இருந்த ஆண்டுகளில் சரிவும், கடலில் சாவு குறைந்த ஆண்டுகளில் ஏற்றமும் என்ற வரிசை கிரவுஸ் குழுவின் கணக்கோடு பொருந்துகிறது. மெக்சிகோவின் பசிபிக் கரை இன்னும் தெளிவான சான்று. ஓவாஹாகா மாநிலத்தில் ஆமை அறுப்புக் கூடமே நடந்துகொண்டிருந்தது. 1990 மே மாதம் அதிபர் சாலினாஸ் ஆமை வேட்டையை முழுவதும் தடை செய்தார். முதிர்ந்த ஆமைகளின் சாவு சட்டென்று குறைந்தது. பத்தாண்டுக்குள் எஸ்கோபில்யா கரையில் பங்குனி ஆமைக் குழிகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்தை எட்டின. தடைக்குப் பின் பிறந்த குஞ்சுகள் பருவத்துக்கு வருவதற்குள்ளேயே இந்த ஏற்றம் தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் முட்டைக் காவல் வீண் வேலையா என்று கேட்பார்கள். இல்லை. மலேசியாவின் திரங்கானு கரை அதற்குப் பதில். ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி இருந்த ஏழுவரி ஆமைக் குழிகள், தொண்ணூறுகளின் நடுவில் சில பத்துகளாகி, இன்று ஏறத்தாழ இல்லை. அங்கே பல பத்தாண்டுகள் முட்டைகள் ஏறத்தாழ முழுவதும் பொறுக்கப்பட்டுச் சந்தைக்குப் போயின. திறந்த கடலில் மிதவை வலைகள் முதிர்ந்தவற்றை வாரின. இரண்டு பக்கமும் வெட்டினால் எந்த மரமும் நிற்காது. முட்டையைத் தின்றுகொண்டே வலையைத் திருத்துவதும் உதவாது, வலையை விட்டுவிட்டு முட்டையை மட்டும் காப்பதும் உதவாது. ஆனால் கொள்கை வகுப்பவர்கள் முதல் பிழையைச் செய்வது இப்போது அபூர்வம். இரண்டாவது பிழைதான் நிரந்தர வழக்கமாக இருக்கிறது. கடற்கரை கண்ணுக்குத் தெரியும். ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கும். பள்ளிக் குழந்தைகளை அழைத்துவந்து குஞ்சுகளை விடலாம், புகைப்படமும் வரும். பத்து மைல் தள்ளி இரவில் இழுபடும் மடிக்குள் நடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

சர்வதேச உடன்படிக்கைகளின் வடிவமும் இந்தச் சாய்வையே காட்டுகிறது. 1973இல் கையெழுத்தான சைட்டிஸ் உடன்படிக்கை ஏழு கடலாமை இனங்களையும் முதல் பட்டியலில் வைத்து, நாடுகளுக்கிடையேயான வணிகத்தைத் தடை செய்கிறது. அழுங்காமைக்கு இது உண்மையாகவே உயிர் கொடுத்தது. அதன் ஓட்டுக்கு ஜப்பானில் பெக்கோ என்ற பெயரில் பெரிய கைவினைச் சந்தை இருந்தது. ஜப்பான் தனி விலக்கு வைத்துக்கொண்டு நெடுங்காலம் இறக்குமதி செய்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை நிறுத்தியது. சைட்டிஸ் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்தது. ஆனால் இழுவை வலையில் செத்துக் கடலில் வீசப்படும் ஆமை எந்த எல்லையையும் தாண்டுவதில்லை, எந்தச் சுங்கச் சாவடியிலும் பதிவாவதில்லை. வலசை போகும் உயிரினங்களுக்கான 1979ஆம் ஆண்டு பான் உடன்படிக்கையின் கீழ், இந்தியப் பெருங்கடல், தென்கிழக்காசிய ஆமைகளுக்காக 2001இல் ஒரு புரிந்துணர்வு ஏற்பட்டது. இந்தியா 2007இல் கையெழுத்திட்டது. அதில் வலையில் சிக்கும் சாவு பற்றியும் நல்ல வாசகங்கள் உண்டு. ஆனால் அது சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாத ஏற்பாடு. மீறினால் எதுவும் நடக்காது. மீறினால் ஏதாவது நடந்த ஓர் உதாரணம், 1992 முடிவோடு திறந்த கடலின் பெரிய மிதவை வலைகளை நிறுத்தச் சொன்ன ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானம். அது ஆமையின் பெயரால் வந்ததல்ல. நேரடியாக வலையின் பெயரால் வந்தது.

இப்போது மீண்டும் 609ஆம் பிரிவுக்கு வருவோம். அதன்மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு, பணக்கார நாடு தன் சந்தையைச் சாட்டையாகக் கொண்டு ஏழை நாட்டு மீனவனுக்குப் பாடம் நடத்துகிறது என்பது. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மேற்கு அட்லாண்டிக், கரீபிய நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கிடைத்தன. ஓர் அமெரிக்க நீதிமன்றம் 1995 இறுதியில் சட்டத்தை உலகம் முழுவதற்கும் நீட்டச் சொன்னபோது ஆசிய நாடுகளுக்குக் கிடைத்தது நான்கு மாதம். சான்றிதழ் பெறாத நாட்டின் ஒரு படகு டெட் பொருத்தியே இறால் பிடித்திருந்தாலும் அந்த இறாலுக்கும் வாசல் அடைப்பு. 1998 அக்டோபர் 12 அன்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு தந்த தீர்ப்பு இந்தக் குறைகளைத்தான் பிடித்தது. அமெரிக்கா தோற்றது என்றுதான் பத்திரிகைகள் எழுதின. தீர்ப்பை முழுக்கப் படித்தால் வேறொன்று தெரியும். வர்த்தக ஒப்பந்தத்திலுள்ள அழியக்கூடிய இயற்கை வளம் என்ற சொல் கனிமங்களுக்கு மட்டுமானதல்ல, உயிருள்ளவற்றுக்கும் பொருந்தும். ஆமையைக் காக்க வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவது கொள்கையளவில் நியாயமே. ஆனால் பாரபட்சமாக, பேச்சுவார்த்தை இல்லாமல் அதைச் செய்தது தவறு. அமெரிக்கா விதிகளைத் தளர்த்தி, அவகாசம் கொடுத்து, ஒப்பான பலன் தரும் வேறு முறைகளையும் ஏற்றது. 2001இல் மலேசியா மீண்டும் வழக்காடியபோது திருத்திய ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பானது. சந்தைச் சாட்டை தவறு என்று அந்த வழக்கு சொல்லவில்லை, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னது.

இந்தியாவுக்குள் பார்த்தால் அதே கதை வேறு வேகத்தில் நடந்திருக்கிறது. எழுபதுகளில் ஒடிசாக் கரையில் பிடிபட்ட பங்குனி ஆமைகள் ரயிலேறிக் கல்கத்தாச் சந்தைக்குப் போயின. மன்னார் வளைகுடாவில் பேராமைகளுக்கென்றே ஆமை வலைகள் இருந்தன. தூத்துக்குடியில் கறிக்கும் இரத்தத்துக்கும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகளைச் சேர்த்தபிறகு இந்த நேரடி வேட்டை பெருமளவு அடங்கியது. ரயிலில் ஏற்றும் கூடையைப் பிடிப்பது எளிது. ஆனால் வேட்டை அடங்கிய எண்பதுகளில்தான் ஒடிசாவில் இழுவைப் படகுகள் பெருகின. செத்த ஆமைகள் கரை ஒதுங்குவதும் ஆயிரக்கணக்கில் ஏறியது. வேண்டுமென்று கொல்வதைத் தண்டிக்க எழுதிய சட்டத்துக்கு, வேறொன்றைப் பிடிக்கப் போய் இது செத்துவிட்டது என்ற சாவின்மேல் பிடி கிடைக்கவில்லை. ஒடிசாவில் பிறகு வந்தவை கடல் சார்ந்த விதிகள்: 1997இல் 1,435 சதுர கிலோமீட்டர் கொண்ட கஹிர்மாதா கடல் சரணாலயம்; அங்கும் தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டியும் நவம்பர் முதல் மே வரை கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மீன்பிடித் தடை. சரியான திசையில் வைத்த அடிதான். ஆனால் வனவிலங்குச் சட்டம் வனத்துறையிடம், படகு உரிமம் மீன்வளத்துறையிடம், விரட்டிப் பிடிக்கும் வேகக் கப்பல் கடலோரக் காவல்படையிடம். மூன்றும் ஒரே இரவில் ஒரே இடத்தில் இருப்பது அரிது. தடையின் முழுச் சுமையும் தப்பி ஓட எஞ்சின் வலு இல்லாத சிறு படகுக்காரர்மேல் விழுகிறது.

மீனவர் தரப்பில் வைக்கப்படும் வாதம் இங்கேதான் கூர்மையாகிறது. டெட் பொருத்தினால் பாடு குறையும் என்கிறார்கள். அமெரிக்க இறால் படகுக்குப் பெரிய மீன் வெறும் கழிவு. அது வாசல் வழியே போனால் அவர்களுக்கு நல்லது. நம் விசைப்படகுக்கு இறாலோடு வரும் மீனும் திருக்கையும் வருமானத்தின் ஒரு பகுதி. அதே சட்டத்தில் பெரிய மீனும் மோதி வெளியே போய்விடும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் டெட்டைப் பரப்புவது நேர்மையற்ற பிரசாரம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ற வடிவத்தை உருவாக்கியதே இதற்காகத்தான். ஆனாலும் இழப்பு சுழியமாகாது. அந்த இழப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதை யார் தாங்குவது என்று முடிவு செய்வதுதான் கொள்கை. டீசலுக்கு மானியம் கொடுத்து அதிக நேரம் இழுக்க உதவும் அரசு, சாதனத்துக்கும் இழந்த பாட்டுக்கும் பணம் கொடுக்க முடியாது என்று சொல்வதில் நியாயமில்லை. இன்னொன்றும் உண்டு. பெரிய கண்ணி வைத்த திருக்கை வலை போன்ற செவுள்வலைகளிலும் ஆமைகள் சாகின்றன, டெட் அங்கே உதவாது. ஆயிரங்கால் தூண்டிலுக்கு வளைந்த தூண்டில்முள் உதவும் என்பது ஹவாய்க் கடலில் நிரூபணமானது. ஒவ்வொரு வலைக்கும் தனி விடை வேண்டும்.

சந்தைச் சாட்டையின் குறியும் இப்போது தவறுகிறது. 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. டெட் ஏற்பாடு போதாது என்பது காரணம். கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவுக்குப் போகும் இந்திய இறாலில் மிகப் பெரும்பங்கு ஆந்திரப் பண்ணைகளில் வளர்ந்த வன்னமெய். பண்ணை இறாலுக்கு இந்தத் தடை கிடையாது. ஏற்றுமதித் துறைக்கு வலி குறைவு. வலி குறைந்த இடத்தில் மாற்றமும் மெதுவாகத்தான் வரும். கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ ஓர் இழுவைப் படகு உரிமையாளர் தன் இறால் எந்தச் சந்தைக்குப் போகிறது என்றுகூட அறிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும்படியான விதியை வாஷிங்டனிலிருந்து எழுத முடியாது.

தமிழ்நாட்டின் நிலைமை இந்த இட மாறாட்டத்துக்குப் பாடநூல் உதாரணம். எழுபதுகளிலிருந்தே சென்னைக் கரையில் ஆமைக்குழி தேடும் நடை உண்டு. குஞ்சு பொரிப்பகங்கள் உண்டு. மாணவர்களின் அமைப்பொன்று 1988 முதல் இடைவிடாமல் இதைச் செய்கிறது. அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பருவத்தின் தொடக்கத்தில், முட்டையிட வந்த முதிர்ந்த ஆமைகள். விசைப்படகுகள் கரையோரக் கடலுக்குள் வரக்கூடாது என்று 1983ஆம் ஆண்டு மாநிலக் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டமே சொல்கிறது. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்கள் முட்டையிடுவதைக் கருதி வைத்த தேதி அது. ஆமைகள் கரையோரம் கூடும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் படகுகள் முழுவேகத்தில் ஓடுகின்றன. தடைக்காலம் தொடங்கும்போது ஆமைப் பருவம் முடியப்போகிறது.

எண்ணிக்கை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, இவ்வளவு கவலை எதற்கு என்ற வாதம் இப்போது பலமாகக் கேட்கும். 2025இல் ருஷிகுல்யாவில் ஏழு லட்சத்தை ஒட்டிய பங்குனி ஆமைகள் கரையேறின. அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பேராமையை அருகிவரும் இனம் என்ற நிலையிலிருந்து கவலை குறைந்த இனம் என்ற நிலைக்கு மாற்றியது. பல பத்தாண்டு உழைப்புக்குக் கிடைத்த உண்மையான வெற்றி அது, மகிழத்தான் வேண்டும். ஆனால் முட்டையிட வருபவற்றைத்தான் நாம் எண்ணுகிறோம். அவை பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் பொரித்தவை. இன்று வலையில் சாகும் இளம் ஆமைகளின் இழப்பு கரைக் கணக்கில் தெரிய இன்னும் அத்தனை ஆண்டு பிடிக்கும். பசிபிக்கின் கிழக்குப் பகுதி ஏழுவரி ஆமைகள் இதே காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டன. ஓர் இனத்தின் ஏற்றம் இன்னொன்றின் சரிவை ஈடு செய்யாது.

கடைசியாக ஒரு தீவிரமான எதிர்வாதம்: புவி சூடேறும்போது மணலே ஆமையைக் கொல்லப்போகிறது, வலையைப் பற்றிப் பேசி என்ன பயன்? ஆமைக் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பது மணலின் சூடு. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண்கள், கீழே ஆண்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடக்கில், ரெய்ன் தீவை மையமாகக் கொண்ட பேராமைக் கூட்டத்தில் இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. முதிர்ந்தவற்றில் சுமார் 87 விழுக்காடு. திரங்கானுவில் பொரிப்பகங்களே கவனக்குறைவால் பெண்களை மட்டும் பொரித்துத் தள்ளிய காலம் உண்டு. பொரிப்பகங்களுக்கு நிழல் போடுவது, ஆழமாகப் புதைப்பது எல்லாம் செய்ய வேண்டியவை. ஆனால் அந்த 87க்கும் 99க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் இருப்பவை, மணல் குளிர்ச்சியாக இருந்த பத்தாண்டுகளில் பொரித்த ஆணாமைகள். இனி வரும் பெண்கள் கூடுவதற்கு அவைதான் இருக்கின்றன. ஆணாமை குஞ்சாக மணலை விட்டு இறங்கியபின், ஹவாய் போன்ற ஓரிரு இடங்களில் வெயில் காய ஏறுவதைத் தவிர, சாகும்வரை கரைக்கு வருவதில்லை. எந்தக் கடற்கரைக் காவலரும் அதைப் பார்த்ததில்லை. எந்தப் பொரிப்பகமும், எந்தச் சரணாலயத்தின் மணற்பரப்பும் அதைத் தொட்டதில்லை. முதிர்ந்த பிறகு அது சந்திக்கும் ஒரே மனிதப் பொருள், அனேகமாக, ஒரு வலை.